மிளகாய் சாஸுக்கு ஜரிகை டெஸ்ட்

1. கவுண்டரில் ஒரு பாட்டில்

காஞ்சிபுரத்தில் ஜரிகை டெஸ்ட் செய்வது என் வேலை. புடவையில் ஓடும் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்த்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டுச் சீட்டு கொடுப்பேன். இருபத்தெட்டு வருடமாக இதே வேலைதான். ஆரம்பத்தில் உரைகல்லும் ஆசிட்டும் வைத்துப் பார்த்தோம். பிறகு கதிர் பாய்ச்சிப் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் வந்தது. என் சீட்டால் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன, நின்றும் போயிருக்கின்றன. இரண்டு தரப்பும் என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதையெல்லாம் நான் காதில் வாங்குவதில்லை. ஆனால் பூண்டு மிளகாய் சாஸ் விஷயத்தில் பட்ட வெட்கம் எனக்கு நியாயமாக வந்து சேர வேண்டியது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

ஆனி மாத முகூர்த்தக் கூட்டம். கவுண்டரில் வரிசை வாசல் வரை நின்றது. அந்த வரிசையில் தனபாலும் நின்றார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவர். அவர் கைகள் எப்போதும் ஏதாவது ஒரு கலரில் இருக்கும், அன்றைக்கு மாம்பழ மஞ்சள். புடவையை எடுப்பார் என்று பார்த்தால், மஞ்சப்பையிலிருந்து ஒரு சிவப்பு பாட்டிலை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

“அண்ணா, இத டெஸ்ட் பண்ணிக் குடுங்க.”

“இன்னாது இது?”

“பூண்டு மிளகா சாஸ்ணா. இதுல சர்க்கரை இருக்குதா இல்லியான்னு எனக்கு சீட்டு வோணும். உங்க கையெழுத்தோட.”

“தனபாலு, இது ஜரிகை பாக்குற மெஷின்பா.”

“தங்கம் எவ்ளோ, வெள்ளி எவ்ளோன்னு புள்ளி வெச்சு சொல்லுதே. சர்க்கரைய சொல்லாதா? சர்க்கரை இன்னா தங்கத்த விட கஷ்டமா?”

பின்னால் ஒரு கல்யாண வீட்டார் குடும்பத்தோடு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்து முதலாளி குரல் கொடுத்தார். “கஸ்டமர் கேட்டா வெச்சுக் காட்டி அனுப்புங்களேன் மூர்த்தி. பெரிய பார்ட்டி நிக்குது பின்னாடி.”

சரி என்று ஒரு பிளாஸ்டிக் மூடியில் சாஸை ஊற்றி, மெஷினுக்குள் வைத்து, கதவைச் சாத்தினேன். அரை நிமிடத்தில் சீட்டு வந்தது. தங்கம் 0. வெள்ளி 0. செம்பு 58.4. துத்தநாகம் 41.6.

அந்த மெஷினுக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். எதை வைத்தாலும் மொத்தம் நூறு வருகிற மாதிரி பிரித்துக் காட்டிவிடும். உலோகமே இல்லாத சாஸை வைத்ததும், பாவம், தன் வயிற்றுக்குள் இருக்கும் பித்தளைப் பாகத்தையே படித்துச் சொல்லிவிட்டது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், வந்த சீட்டில் பூண்டு மிளகாய் சாஸ் என்று எழுதி, பழக்க தோஷத்தில் கையெழுத்தைப் போட்டு, சீலையும் குத்தி, “இதுக்கு சர்க்கரை தெரியாதுபா, போய்ட்டு வா” என்று கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் ஏன் கேட்டார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

2. கற்பூரம்

ஏன் கேட்டார் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஊருக்கே தெரிந்த கதை, எனக்குத்தான் தெரியவில்லை.

தனபாலுக்குச் சர்க்கரை நோய். ஆறு மாதம் முன்னால் பார்த்தபோது வெறும் வயிற்றில் நூற்றெண்பது. அவர் மனைவி கன்னியம்மா அன்றைக்கே வீட்டில் ஆட்சியைக் கையில் எடுத்தார். காப்பியில் சர்க்கரை நின்றது. தேங்காய்ச் சட்னி நின்றது. சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு வந்தது, சாவி தாலிக்கொடிக்குப் போனது. அது மட்டுமா, கணவர் பூட்டை உடைத்துவிடுவாரோ என்று வெளியே போகும்போது டப்பாவையும் கூடவே தூக்கிக்கொண்டு போவார். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மொய்க் கவரும் சர்க்கரை டப்பாவும் ஒரே கூடையில் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

நிறுத்தியதற்குப் பதிலாக உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிற பொருள்களாகப் பார்த்து வாங்கி வந்தார். காலையில் கிண்ணத்தில் பல தானிய அவல் மாதிரி ஒன்று, பாலில் போட்டு. மூன்று வேளையும் காப்பியோடு இரண்டிரண்டு சத்து பிஸ்கட். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் பாக்கெட் சூப். இட்லிக்குச் சட்னிக்குப் பதில் பூண்டு மிளகாய் சாஸ். மிளகாயில் கொழுப்பு இல்லை, பூண்டு இதயத்துக்கு நல்லது என்பது அவர் கணக்கு. பாட்டில் மேலேயே ஒரு சிவப்பு இதயம் வேறு போட்டிருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் இருநூற்று அறுபது. டாக்டர் கன்னியம்மாவைப் பார்த்து, “எங்கியோ ஒளிச்சு வெச்சு சாப்புடறாரும்மா” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பட்டறையில் சாயப்பொடி டப்பாக்கள் சோதனை போடப்பட்டன. சட்டைப் பைகள் திருப்பிப் பார்க்கப்பட்டன. ஒரு நாள் தூங்கிக்கொண்டிருந்த மனிதரின் வாயை மோந்து பார்த்ததாகவும் கேள்வி. ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததால் சந்தேகம் இன்னும் பெரிதாகிவிட்டது.

கடைசியில் தனபாலே, “அம்மன் கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன், வா” என்று கூட்டிக்கொண்டு போனார். தெருக்காரர்கள் பார்க்க, கோயில் தலைவர் வேலாயுதம் முன்னால், எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார். இனிப்பு என்று ஒரு பொருளை இத்தனை மாதத்தில் வாயில் வைக்கவில்லை என்று. மறுநாள் காலை கன்னியம்மா மறுபடி ரத்தம் பார்க்கக் கூட்டிப் போனார். இருநூற்று எழுபத்திரண்டு.

இப்போது விஷயம் வீட்டைத் தாண்டிவிட்டது. அது வரை தனபால் திருட்டுத்தனமாக லட்டு தின்கிற மனிதர், அவ்வளவுதான். இனி அவர் அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர். அந்தத் தெருவில் ஆடி மாதம் அம்மன் பல்லக்கு புறப்படும். பதினாறு பேர் தூக்குவார்கள். முன் கம்பில் வலது பக்கம் தனபாலின் இடம், பதினெட்டு வயதிலிருந்து அவருடைய தோள்தான் அங்கே இருந்திருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்தவன் தோள் பல்லக்கில் படக்கூடாது என்பது அந்தத் தெருவில் வழக்கம். வேலாயுதம் நேராகவே சொல்லிவிட்டார்.

“எனக்கு உம்மேல கோவம் இல்ல தனபாலு. ஆனா ரத்தம் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்ற. ஆடிக்குள்ள நிரூபி. இல்லன்னா முன்கம்ப வேற ஆளுக்குக் குடுக்கணும்.”

நிரூபிக்கத்தான் அந்த மனிதர் என்னிடம் வந்தார். வீட்டில் கொடுப்பதைத் தவிர எதையும் தின்னவில்லை, அதனால் வீட்டில் கொடுப்பதில்தான் சர்க்கரை இருக்க வேண்டும். கணக்கு சரிதான். ஊரில் தங்கத்தையே பிரித்துக் காட்டுகிற ஆள் நான் என்பதால் என்னைத் தேடி வந்தார். நான் அவருக்கு ஐம்பத்தெட்டு சதவீதம் செம்பு கொடுத்து அனுப்பினேன்.

3. எறும்புக் கமிட்டி

என் சீட்டை தனபால் யாரிடமும் காட்டவில்லை. காட்டுவதற்கு அதில் என்ன இருந்தது? சட்டைப் பையிலேயே விட்டுவிட்டார். துவைக்க எடுத்த கன்னியம்மா கையில் அது சிக்கியது. அவர் அதை நேராக வேலாயுதத்திடம் கொண்டுபோனார்.

“பாருங்க. எனக்குத் தெரியாம போய் சாஸ டெஸ்ட் எடுத்துருக்குது. தங்கம் போட்டுருக்குது, வெள்ளி போட்டுருக்குது, செம்பு போட்டுருக்குது. சர்க்கரைன்னு ஒரு வார்த்த இருக்குதா? மூர்த்தி அண்ணன் கையெழுத்து போட்டுருக்காரு.”

என் கையெழுத்தைப் பார்த்ததும் வேலாயுதத்துக்கு அதற்கு மேல் கேள்வியே இல்லை. ஆனாலும் அவர் நியாயஸ்தர். ஒரு கருவியை மட்டும் நம்பி ஒருவனைத் தண்டிக்கக்கூடாது என்று இரண்டாவது டெஸ்ட் ஒன்றைக் கண்டுபிடித்தார். கோயில் வாசலில் ஒரு பக்கம் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பக்கம் பூண்டு மிளகாய் சாஸ், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்து ஊற்றினார்கள். எறும்பு எதற்குப் போகிறதோ அதில் சர்க்கரை. தெருக்காரர்கள் ஐந்து பேர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். பகல் பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை எறும்பைப் பார்த்தார்கள். கன்னியம்மா மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எறும்புகள் சர்க்கரைத் தண்ணீருக்கு வரிசையாகப் போயின. சாஸ் பக்கம் ஒன்று மட்டும் போய், எட்ட நின்று, மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டது. பூண்டும் மிளகாயும் வினிகரும் கலந்த குழம்பில் எந்த எறும்பு கால் வைக்கும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

தனபால் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். “கார வாடைக்கு எறும்பு வரலன்னா சர்க்கரை இல்லன்னு ஆயிடுமா?”

வேலாயுதம் அவருடைய தொழிலை வைத்தே மடக்கினார். “நீ சாயத் தொட்டில புளிப்பு ஏறிச்சா இல்லியான்னு ஒரு சொட்டு நாக்குல வெச்சு சொல்ற ஆளு. வேணாம்னு எத்தினி வாட்டி சொல்லியும் வெக்கிற. அந்த நாக்க வெச்சிக்கினு, ஆறு மாசமா துன்ற சாஸுல இனிப்பு இருந்தா உனக்குத் தெரியாதா?”

தனபால் நேர்மையானவர். “இனிப்பு தெரியலதான்” என்று ஒப்புக்கொண்டார். புளிப்பும் காரமும் உப்பும் சேர்ந்தால் அதற்கு அடியில் எவ்வளவு சர்க்கரை படுத்திருந்தாலும் நாக்குக்குத் தெரியாது என்பது அவருக்கு மட்டுமல்ல, அங்கே யாருக்கும் தெரியாது. முன்கம்பு வலது பக்கம் பறிபோனது. கூட்டத்தில் ஒருவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு செம்பு இருந்தால் பாட்டிலைப் பழைய பாத்திரக் கடையில் போட்டாலே நல்ல விலை வருமே என்று கேட்டாராம்.

இந்தக் கடைசி விஷயம்தான் முதலில் என் காதுக்கு வந்தது, ஜோக்காக. சிரித்துவிட்டு, அது யாருடைய சீட்டு என்று விசாரித்தேன். விசாரித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் மாதிரி இந்த வேலையில் ஒரு நாளும் வந்ததில்லை.

4. சாயப் பட்டறையில் டிபன்

மறுநாள் காலை, கடைக்குப் போகும் முன்னால் தனபாலின் பட்டறைக்குப் போனேன். மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நாலு இட்லி, அதன் மேல் சாஸ். பாட்டிலும் பக்கத்தில் இருந்தது, கன்னியம்மா அதையும் சேர்த்தே அனுப்புவாராம்.

“என்ன மன்னிச்சிடுபா. அந்த சீட்டுல நான் கையெழுத்து போட்டிருக்கக் கூடாது.”

“நீங்க இன்னாணா பண்ணுவீங்க. மெஷினு சொல்லிச்சு, நீங்க எழுதினீங்க. சாப்புடறீங்களா?”

மன்னிப்பு கேட்க வந்தவனுக்கு இட்லி வைத்தார். அந்த இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டிலை எடுத்துத் திருப்பினேன்.

புடவை டெஸ்டுக்கு வந்தால் நான் முதலில் செய்வது அதைத் திருப்பிப் போடுவதுதான். முன்பக்கம் கடைக்காரர் காட்டுவது. பின்பக்கத்தில்தான் குறுக்கே போகும் ஊடை எப்படி ஓடியிருக்கிறது, எங்கே ஜரிகை மாற்றியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். இருபத்தெட்டு வருடமாகப் புடவையைத் திருப்பிப் பார்த்த கை, ஒரு பாட்டிலைத் திருப்பாமல் மெஷினுக்குள் வைத்திருக்கிறது. பாட்டில் பின்னால் எல்லாம் அச்சடித்து வைத்திருந்தார்கள். எழுத்து கடுகை விடச் சிறியது, அதுவும் இங்கிலீஷ். பையில் இருந்த இழை எண்ணும் லென்ஸை எடுத்து வைத்துப் படித்தேன்.

என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை எடை அதிகமானது முதலில் வருகிற மாதிரி எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் தண்ணீர். இரண்டாவது சர்க்கரை. மூன்றாவதாகத்தான் மிளகாய் வந்தது, பூண்டு இன்னும் கீழே. பக்கத்தில் கட்டம் போட்டு, நூறு கிராம் சாஸில் சர்க்கரை முப்பது கிராம் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். யாரும் எதையும் ஒளிக்கவில்லை. நாங்கள்தான் எறும்பைக் கேட்டோம், மெஷினைக் கேட்டோம், அம்மனைக் கேட்டோம்.

“பிஸ்கட் இருக்குதா?” என்றேன். இருந்தது. அதன் முன்பக்கம் மைதா இல்லை, கலர் இல்லை, கொழுப்புக் குறைவு என்று பெரிதாகப் போட்டிருந்தது. சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் தொழிலில் பட்டு அசல் என்று பத்து தடவை சொல்கிற கடைக்காரர் ஜரிகையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், நான் நேராக ஜரிகைக்குத்தான் போவேன். பின்பக்கம் திருப்பினேன். கோதுமை மாவு முதலில். அதற்குப் பிறகு சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்று நாலு பெயர், இடையிடையே வேறு பொருள். நாலும் ஒரே ஆள், நாலு சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறார். ஒன்றாகச் சேர்த்து எழுதினால் வரிசையில் மேலே வந்துவிடுவார் என்று பிரித்து நிற்க வைத்திருக்கிறார்கள்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல தனபாலின் முகம் மலர்ந்தது. “அப்போ நான் பொய் சொல்லலணா. சத்தியம் சுத்தம்” என்று எழுந்தே நின்றுவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டு ஒன்று புதிதாக எழுதி நானே வேலாயுதத்திடம் கொடுக்கிறேன் என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். கிளம்பவில்லை. மறுபடி உட்கார்ந்து, சாஸ் ஊற்றிய இட்லியைப் பார்த்தார்.

“அண்ணா. அப்போ இத்தினி மாசமா எனக்கு சர்க்கரைய ஊட்டிக்கினு இருந்தது கன்னிதானா?”

“அவளுக்கு எப்படிபா தெரியும்.”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். தெருவுக்கு? ஊர்ப் பொம்பளைங்க முன்னாடி என்ன திருடன்னு சொன்னவ. இப்போ புருசனுக்கு வெஷம் வெச்சவன்னு அவளத்தான் சொல்லுவாங்க. அவளால அத தாங்கிக்க முடியாது. சீட்டு வேணாம்ணா. கம்பு போனா போவட்டும். நான் சாஸ மட்டும் நிறுத்திடறேன்.”

“உன் இடம்பா அது.”

“அவ என் பொண்டாட்டிணா.”

5. கொண்டுவந்தவர்

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. உண்மையை எழுதாமல் இருந்தால் என் சீட்டால் ஒருவன் பொய்யனாகவே நிற்பான். எழுதினால் அவன் மனைவி தலை குனிவாள். மாற்றி எழுதுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மத்தியானம் ஒரு புடவைக் கடைக்காரர் தன் சரக்கைத் தானே டெஸ்டுக்கு எடுத்து வந்தார். ஜரிகை போலி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாங்கியவர் கொண்டுவந்து போலி என்று தெரிந்தால், விற்ற கடைக்காரர் ஏமாற்றுக்காரர். கடைக்காரரே கொண்டுவந்து போலி என்று தெரிந்தால், அவர் ஏமாந்தவர். அவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சந்தேகப்பட்டுச் சோதித்தாரே என்று மரியாதைதான் கூடும். அதற்காகவே சீட்டில் ‘கொண்டுவந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் கடைக்காரர் பெயரை எழுதும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

கன்னியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். தனபால் சாஸை மட்டும்தான் கொடுத்தார், வீட்டில் தருகிற எல்லாவற்றையும் நீயே கொண்டுவந்தால் முழுசாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். ஒரு கையில் பாக்கெட்டுகள் நிறைந்த பை, இன்னொரு கையில் பூட்டுப் போட்ட டப்பா. கணவரின் கதையை முடித்துவிடும் உறுதி முகத்தில் தெரிந்தது.

“எல்லாத்தையும் பாருங்கணா. ஒண்ணு விடாதீங்க. என் வூட்டு சாப்பாடு சுத்தமா இல்லியான்னு ஊருக்குத் தெரியட்டும்.”

மெஷின் பக்கமே நான் போகவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, நூறு கிராமுக்கு எவ்வளவு என்று படித்துக் காட்டி, ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டேன். சாஸை இட்லிக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றச் சொல்லி ஜரிகைத் தராசில் எடை பார்த்தேன். ஒரு வேளைக்கு நாற்பது கிராம் வந்தது, காலை மாலை இரண்டு வேளை. பிஸ்கட் ஆறு. அவல் ஒரு கிண்ணம். சூப் இரண்டு.

“இப்போ அந்த டப்பாவ தொறம்மா.”

“எதுக்கு?”

“தொற சொல்றேன்.”

தாலிக்கொடியை இழுத்து, சாவியைப் போட்டுத் திறந்தார். மில்லிகிராம் வரை காட்டும் தராசு அது. அதன் மேல் ஒரு பேப்பரை வைத்து, சாஸில் இருந்ததற்கு இருபத்து நாலு கிராம் சர்க்கரை போட்டேன். பிஸ்கட்டுக்குப் பதினைந்து. அவலுக்குப் பத்து. சூப்புக்கு ஆறு. ஐம்பத்தைந்து கிராம். ஸ்பூனால் அளந்து காட்டினேன், பதினோரு ஸ்பூன்.

“முன்னாடி காப்பில எவ்ளோ போட்ட?”

“வேளைக்கு ஒரு ஸ்பூன். மூணு வேள.”

மூன்று ஸ்பூனைப் பூட்டி வைத்துவிட்டுப் பதினோரு ஸ்பூனை ஊட்டியிருக்கிறார். அந்தச் சர்க்கரைக் குவியலைக் கன்னியம்மா ரொம்ப நேரம் பார்த்தார். கவுண்டரில் நின்றிருந்த ஒரு புடவைக்காரர் ஏதோ கேட்க வாயெடுத்தார், நான் முறைத்ததும் அடங்கிவிட்டார்.

“வாய மோந்து பாத்தேனே அண்ணா. தூங்கறப்போ. திருடி நான்தானா அப்போ?” என்று கேட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அதிகாரம் செய்கிற பொம்பளை என்றுதான் நான் அவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு என் சொந்தத் தங்கை அழுகிற மாதிரி இருந்தது. நான் சீட்டைத் திருப்பி அவர் பக்கம் காட்டினேன்.

“இந்தக் கட்டத்த படிம்மா. கொண்டுவந்தவர், கன்னியம்மா. நீ சந்தேகப்பட்டு எடுத்தாந்தவ. இந்த ஊர்ல கொண்டாந்தவங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

பொருள் வாரியாகச் சர்க்கரையை எழுதினேன். கீழே, ‘லேபிளில் அச்சிட்டபடி, கொண்டுவந்தவர் சொன்ன அளவுக்குக் கணக்கிட்டது. முன்பு கொடுத்த சீட்டு உலோகத்தை மட்டும் பார்த்தது, சர்க்கரையைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதைப் பார்த்தோம் என்று மட்டும் எழுதினால் போதாது, எதைப் பார்க்கவில்லை என்றும் சீட்டில் எழுத வேண்டும். நான் இந்த வேலையில் லேட்டாகக் கற்றுக்கொண்ட பாடம் இது. நீங்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்.

கன்னியம்மா அந்தச் சீட்டைத் தானே கொண்டுபோய் வேலாயுதத்திடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு முதலில் கேட்டது, “அந்த சூப்பு இன்னா கம்பெனிமா? எங்க வூட்லயும் அதான்” என்பதுதான். அந்த வாரம் முழுக்க எங்கள் கவுண்டரில் ஊறுகாய், ரொட்டி, குழந்தைகளுக்குக் கலக்கும் பானம் என்று வரிசை நின்றது. ஒருவர் நேராகவே கேட்டார், “மூர்த்தி சார், இந்த ஊறுகால வெள்ளி எவ்ளோன்னும் சேத்துப் பாத்துடுங்களேன்.” முதலாளி, ஜரிகை தவிர வேறு எதுவும் பார்க்கப்பட மாட்டாது என்று போர்டு எழுதி மாட்டினார்.

6. பல்லக்கு

ஆடியில் அம்மன் புறப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். தனபால் முன்கம்பில் வலது பக்கம் நின்றார். இந்த முறை அவர் கை அரக்குச் சிவப்பு. சர்க்கரை இறங்க ஆரம்பித்திருந்தது, மாத்திரை மட்டும் தொடர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கன்னியம்மா பல்லக்குக்கு இரண்டடி முன்னால், பின்பக்கமாகவே நடந்தபடி, கணவரைப் பார்த்துக்கொண்டு போனார்.

வழியில் பல்லக்கு தூக்குபவர்களுக்கு வீட்டுக்கு வீடு ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரர் இந்த வருடம் தாராளமாக, அட்டை டப்பாவில் வரும் பழச்சாறு பதினாறு வாங்கி வைத்திருந்தார். ஸ்ட்ரா குத்தி முதல் டப்பாவை தனபாலிடம் நீட்டினார். கன்னியம்மா நடுவில் கையை விட்டு அதை வாங்கிவிட்டார்.

டப்பாவைத் திருப்பினார். எழுத்து தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வேலாயுதத்தின் மூக்குக் கண்ணாடியை, கேட்காமலே, அவர் மூக்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். எட்டாவது வரை படித்த இங்கிலீஷை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். மேளம் நின்றது. பதினாறு பேர் தோளில் பல்லக்கோடு நடுத்தெருவில் நின்றார்கள். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

பூசாரி குனிந்து மெல்லச் சொன்னார். “அம்மா, அம்பாள் வெயில்ல நிக்கறா.”

“நிக்கட்டும் சாமி. இன்னும் ரெண்டு வரி இருக்குது.”

மளிகைக்கடைக்காரர், “பழம்தான் அக்கா, உடம்புக்கு நல்லது” என்று இழுத்தார். கன்னியம்மா கண்ணாடிக்கு மேலே அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டார். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது, ஒரு இடத்தில் நின்றது, மறுபடி மேலே போய் முதலிலிருந்து தொடங்கியது. மற்ற பதினைந்து பேரும் கால் மாற்றி, தோள் மாற்றி, பெருமூச்சு விட்டார்கள். முன்கம்பில் தனபால் மட்டும் அசையவில்லை. வியர்வை கண்ணில் இறங்க, சீக்கிரம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் படித்து முடிக்கும் வரை அம்மனைத் தாங்கிக்கொண்டு நின்றார்.